நோயுற்ற பெற்றோரும் தடுப்பூசி பற்றிய கருத்து வேற்றுமையும்

தந்தையோ தாயோ கடும் நோயுற்றுப் படுக்கையில் விழும்போது குடும்பத்தார் முன் பல கேள்விகள் எழுகின்றன. எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது, செலவை யார் ஏற்பது, இரவில் யார் உடனிருப்பது என்பன பழைய கேள்விகள். 2021-ஆம் ஆண்டில் கோவிட் நோய்க்கான தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டது முதல் இவற்றுடன் மற்றொன்றும் சேர்ந்தது. ஊசி போட்டுக்கொண்டதனால் இந்நோய் வந்ததா, அன்றிப் போட்டுக்கொள்ளாததனால் வந்ததா என்று உடன்பிறந்தோர் நோயாளியின் கட்டிலருகிலேயே வாதிடலாயினர். தடுப்பூசி நோயைத் தடுக்கிறதா, தீங்கு செய்கிறதா என்பது கணக்கினாலும் சோதனையினாலும் அறியத்தக்கது. நோயாளிக்கு இன்று என்ன செய்வது என்பது மருத்துவமும் குடும்பமும் சேர்ந்து முடிவு செய்யத்தக்கது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் துன்புறுபவர் நோயாளியே ஆவார்.

எல்லைப்புற ஊர்களின் நிலை

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோயமுத்தூர் மாவட்டத்தை அடுத்து அமைந்துள்ளது எருத்தேன்பதி ஊராட்சி. தமிழ் பேசும் மக்கள் பெருவாரியாக வாழும் பகுதி இது. இத்தகைய ஊர்களில் கொள்வினை கொடுப்பினை எல்லையின் இருபுறமும் நடைபெறுவது இயல்பு. நோய் முற்றினால் சித்தூருக்கோ பாலக்காட்டுக்கோ செல்வதா, எல்லை கடந்து பொள்ளாச்சிக்கோ கோயமுத்தூருக்கோ செல்வதா என்பதே முதற் கேள்வியாகிறது. கேரள அரசின் அறிவிப்புகள் ஒரு மொழியிலும், தமிழகத்துச் செய்திகள் மற்றொரு மொழியிலும் வந்து சேர்கின்றன. ஒரே வீட்டில் இருவர் இருவேறு செய்திகளை நம்பியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி முதல், கேரளத்திலிருந்து தமிழகத்துக்குள் வருவோர் நோயின்மையைக் காட்டும் பரிசோதனைச் சான்றோ, இரண்டு தவணை தடுப்பூசி போட்டுக்கொண்ட சான்றோ காட்ட வேண்டும் என்று தமிழக அரசு விதித்தது. அவ்விதி இன்று இல்லை. ஆயினும், எல்லைக்கு அப்பால் தாய் படுத்திருக்க, இப்பால் மகன் ஊசி வேண்டாம் என்றிருந்த குடும்பத்துக்கு, அந்நாளில் இது வெறும் கருத்து வேற்றுமையாக இருந்திராது.

ஐயத்தின் வரலாறு

தடுப்பூசி பற்றிய ஐயத்தை அறியாமை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுதல் சரியன்று. தமிழ்நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1948-ஆம் ஆண்டில் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி இந்தியாவில் போடத் தொடங்கப்பட்டது. அதனைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடம் சென்னை கிண்டியில் அமைந்தது. 1955-இல், சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்து ஓய்வு பெற்றிருந்த ராஜாஜி, இவ்வூசியை எதிர்த்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத கௌர் திட்டத்தை உறுதியாக ஆதரித்தார். இருவரும் நாட்டு மக்களின் பெருமதிப்புக்கு உரியவர்கள். ஆனால், யார் பெரியவர் என்பதைக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண இயலாது.

விடை காணும் முயற்சி 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கியது. இலட்சக்கணக்கான மக்கள் இச்சோதனையில் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு பி.சி.ஜி. ஊசியும் மற்றொரு சாராருக்கு மருந்தற்ற ஊசியும் போடப்பட்டன. பின்னர் இரு சாராரிலும் எத்தனை பேருக்கு நோய் கண்டது என்று பல்லாண்டுகள் கணக்கெடுக்கப்பட்டது. அப்பகுதியில் பெரியவர்களை நுரையீரல் காசநோயினின்று இவ்வூசி காக்கவில்லை என்று 1979-இல் வெளியான முடிவுகள் காட்டின. குழந்தைகளுக்கு மூளைச் சவ்வில் உண்டாகும் கொடிய காசநோயை அது பெரிதும் தடுக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் அறியப்பட்டது. அதனாலேயே பிறந்த குழந்தைகளுக்கு அவ்வூசி இன்றும் போடப்படுகிறது. ஆதரித்தோர் எதிர்பார்த்த அளவு நன்மையும் இல்லை. எதிர்த்தோர் அஞ்சிய அளவு தீமையும் இல்லை. "தடுப்பூசி நல்லதா?" என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை என்பது இதனால் விளங்கும். எந்த ஊசி, எந்த நோய்க்கு, எந்த வயதினருக்கு என்று பிரித்துக் கேட்டல் வேண்டும்.

பின்வந்தது எல்லாம் விளைவு ஆகுமா?

திரைப்பட நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னையிலுள்ள ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 17-ஆம் தேதி அதிகாலை காலமானார். இதயத்துக்குச் செல்லும் முக்கிய இரத்தக் குழாய் ஒன்று முற்றிலும் அடைபட்டிருந்ததாக மருத்துவர்கள் அப்போதே தெரிவித்தனர். தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதக விளைவுகளை ஆராயும் தேசியக் குழு, இம்மரணம் ஊசியால் நேர்ந்ததன்று, தற்செயலாகக் கூடி வந்தது என்று அவ்வாண்டு அக்டோபரில் முடிவு கூறியது. ஆனால் மரணச் செய்தி ஒரே நாளில் தமிழ்நாடெங்கும் பரவியது. முடிவு வெளிவர ஆறு மாதம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் பல வீடுகளில் முதியவர்களுக்கு ஊசி வேண்டாம் என்று பிள்ளைகள் தடுத்திருந்தால் அதில் வியப்பில்லை.

இங்கே ஓர் எளிய கணக்கு பயன்படும். அறுபது வயதைக் கடந்தவர்கள் 10,000 பேர் என்றும், அவர்களில் ஆண்டுக்கு 100-க்கு 4 பேர் வெவ்வேறு காரணங்களால் இறக்கின்றனர் என்றும் கொள்வோம். அப்படியானால் ஆண்டுக்கு 400 மரணம்; வாரத்துக்கு ஏறக்குறைய 8 மரணம். இவர்கள் அனைவருக்கும் ஒரே நாளில் வெறும் தண்ணீரையே ஊசியால் ஏற்றினாலும், அடுத்த ஏழு நாட்களில் ஏறக்குறைய 8 பேர் இறப்பர். அந்த எட்டுக் குடும்பங்களும் ஊசியையே காரணமாகக் காணும். ஊசிக்குப் பின் இறந்தவர் எத்தனை பேர் என்பது மட்டும் போதாது. ஊசி போடாதிருந்தால் அதே காலத்தில் எத்தனை பேர் இறந்திருப்பர் என்பதையும் உடன் அறிதல் வேண்டும். இரண்டின் வேற்றுமையே விளைவின் அளவு.

ஊசி போட்டவர்களும் நோயுறுவது ஏன்?

"அப்பா ஊசி போட்டுக்கொண்டார், இருந்தும் மருத்துவமனையில் கிடக்கிறார். அங்குள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஊசி போட்டவர்களே" என்பது அடிக்கடி கூறப்படும் வாதம். ஓர் ஊரில் முதியவர்கள் 1,000 பேர் என்று கொள்வோம். அவர்களில் 900 பேர் ஊசி போட்டுக்கொண்டவர்கள். 100 பேர் போட்டுக்கொள்ளாதவர்கள். போட்டுக்கொள்ளாதவர்களில் நூற்றுக்கு 5 பேரும், போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவரும் கடும் நோயடைகின்றனர் எனில், மருத்துவமனையில் முன்னவர் 5 பேரும் பின்னவர் 9 பேரும் இருப்பர். நோயாளிகள் 14 பேரில் 9 பேர் ஊசி போட்டவர்கள் என்பது உண்மையே. ஆயினும் ஊசி போடாதவருக்கு ஆபத்து ஐந்து மடங்கு என்பதும் உண்மை. இவ்வெண்கள் விளக்கத்துக்காகக் கூறப்பட்டவை. பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்ட ஊரில், நோயாளிகளிலும் அவர்கள் மிகுந்திருப்பது எண்ணின் இயல்பு.

முதுமையும் ஒரு காரணம். வயது ஏற ஏற, மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பி சுருங்குகிறது. புதிய கிருமியை அடையாளம் காணத்தக்க வெள்ளணுக்கள் குறைகின்றன. நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய் ஆகியவை எதிர்ப்புச் சக்தியை மேலும் குன்றச் செய்கின்றன. ஆகவே முதியவருக்கு இளைஞரைவிட ஊசியின் தேவை மிகுதி. ஊசியினால் விளையும் பாதுகாப்போ சற்றுக் குறைவு. முதியவரைப் பேணுவோர் தாமும் ஊசி போட்டுக்கொள்வது அவரைச் சுற்றி மற்றொரு வேலி எழுப்புவது போலாகும்.

காலக் கணக்கையும் கருதுதல் வேண்டும். எழுபத்திரண்டு வயதான தந்தை ஒருவர் 2021-இல் முதல் தவணை ஊசி போட்டுக்கொண்டு, ஆறாம் நாள் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் கண்டு, சோதனையில் கோவிட் நோய் உறுதியானது என்று வைத்துக்கொள்வோம். கோயமுத்தூரில் வேலை செய்யும் மூத்த மகன், "ஊசிதான் நோயைத் தந்தது" என்கிறான். பொள்ளாச்சியில் வாழும் மகள், "அண்ணன் தடுத்ததால்தான் அப்பா காலம் தாழ்த்திப் போட்டுக்கொண்டார், அதுவே காரணம்" என்கிறாள். எருத்தேன்பதியில் தோப்பைப் பார்த்துக்கொண்டு தந்தையுடன் வாழும் இளைய மகன் இருவருக்கும் இடையில் நிற்கிறான்.

இந்தியாவில் அப்போது போடப்பட்ட கோவிட் தடுப்பூசிகளில் நோயை உண்டாக்க வல்ல உயிருள்ள கோவிட் வைரஸ் இல்லை. ஆதலால் ஊசி அந்நோயைத் தர இயலாது. கிருமி உட்புகுந்தபின் நோய்க்குறி தோன்றச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். ஊசியினால் பாதுகாப்பு உருவாகவும் இரண்டு வாரமளவு வேண்டும். எனவே ஊசி போட்ட நாளையொட்டியே கிருமி புகுந்திருக்கக் கூடும். பாதுகாப்பு வளருமுன் நோய் முந்திக்கொண்டது. மூத்த மகனின் கூற்று தவறு. மகளின் கூற்றில் ஒரு பகுதி உண்மையாகலாம். ஆனால் முன்பே ஊசி போட்டிருந்தால் இந்த ஒருவர் நிச்சயம் தப்பியிருப்பார் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஊசியின் பயன் பலரைச் சேர்த்துக் கணக்கிடும்போது ஐயமின்றித் தெரிவது. ஒரு தனி மனிதரின் நோய்க்கு உடன்பிறந்தவரைக் குற்றவாளியாக்க அக்கணக்கு உதவாது.

உண்மையான தீங்குகள்

ஊசியினால் ஒரு தீங்கும் இல்லை என்று வாதிடுவதும் விஞ்ஞானம் ஆகாது. 2021 மார்ச் 8-ஆம் தேதி தடுப்பூசி போட்டுக்கொண்ட 68 வயதான ஒருவர், உடலின் கடும் ஒவ்வாமையால் இறந்தார் என்று தேசியக் குழு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உறுதி செய்தது. இத்தகைய ஒவ்வாமை பெரும்பாலும் ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் தோன்றும். உடனே மருந்து கொடுத்தால் பெரும்பாலும் உயிர் காக்கலாம். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும் என்ற விதி இதன் பொருட்டு ஏற்பட்டதே. கோவிஷீல்டு ஊசிக்குப் பின் இரத்தம் உறையும் நோய் மிக அரிதாக நேரக்கூடும் என்பதும் அறியப்பட்டது. இந்தியாவில் அது பத்து இலட்சம் தவணைகளுக்கு 0.61 என்ற விகிதத்தில் அறிவிக்கப்பட்டதாக 2021 மே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் தெரிவித்தது. தீங்கின் அளவு இது. நோயின் அளவு அதனினும் பன்மடங்கு பெரிது. இரண்டையும் எடையிட்டுக் காட்டினால் ஐயமுற்றவர் செவி கொடுப்பர். தீங்கே இல்லை என்று மறைத்தால், ஓர் உண்மைத் தீங்கு வெளிப்படும் நாளில் கூறியவை யாவும் நம்பிக்கை இழக்கும்.

நோய் வந்தபின் செய்யத்தக்கது

கோவிட், இன்புளுயன்சா போன்ற நோய்கள் கண்டபின் அவற்றுக்கான தடுப்பூசி அந்நோயைக் குணப்படுத்தாது. வெறிநாய்க்கடி இதற்கு மாறானது. அக்கிருமி நரம்புகளின் வழியே மூளையைச் சென்றடையப் பெரும்பாலும் வாரங்களும் மாதங்களும் ஆவதால், கடித்தபின் போடும் ஊசியும் உயிர் காக்கிறது. 1907-இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் ஆய்வுநிலையத்தின் முதன்மையான பணி இதுவாகவே இருந்தது. ஆனால் சுவாச நோய்களில் அத்தகைய கால இடைவெளி இல்லை. எனவே தந்தை மூச்சுக்குத் தவிக்கும் வேளையில் ஊசியைப் பற்றிய வாதத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

அவ்வேளையில் கவனிக்கத்தக்கவை வேறு. விரலில் பொருத்தும் சிறு கருவி, இரத்தத்தின் பிராணவாயுச் செறிவைக் காட்டும். அது நூற்றுக்கு 94-க்குக் கீழ் இறங்கினால் தாமதியாமல் மருத்துவமனை செல்ல வேண்டும். முதியவர்களுக்கு மூச்சுத் திணறல் வெளிப்படையாகத் தோன்றாமலே செறிவு குறையக்கூடும். திடீர்க் குழப்பமும், உணவில் வெறுப்பும், மிகுந்த தூக்கமும் அதன் குறிகளாகலாம். டெக்சாமெதசோன் என்ற மலிவான மருந்து, பிராணவாயு தேவைப்படும் கோவிட் நோயாளிகளிடையே மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும், செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்போரிடையே மூன்றில் ஒரு பங்கும் குறைக்கிறது என்று 2020 ஜூன் மாதத்தில் இங்கிலாந்தில் நடந்த பெருஞ்சோதனை காட்டியது. பிராணவாயு தேவைப்படாத நிலையில் அம்மருந்தால் பயனில்லை என்பதும் அச்சோதனையின் முடிவே. ஆகவே மருத்துவர் கூறாமல் அதனைக் கொடுத்தல் கூடாது. நோயாளி தேறியபின், அடுத்த ஊசி எப்போது என்பதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

குடும்பத்தில் முடிவு செய்யும் முறை

முதலாவது, நோயாளியின் சொந்த விருப்பம். அறிவு தெளிவாக இருக்கும் வரையில், தம் உடலைப் பற்றிய முடிவு அவருடையது, பிள்ளைகளுடையதன்று. எவரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றதன்று என்றும், பாதக விளைவுகள் பற்றிய விவரங்களை மக்கள் அறியச் செய்ய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. பிள்ளைகள் தந்தையை வற்புறுத்துவதும் கூடாது. அவர் விரும்பிய ஊசியை அச்சத்தால் தடுப்பதும் கூடாது. அவருக்கு விளங்கும் மொழியில் நன்மையும் தீமையும் எடுத்துரைப்பதே அவர்கள் கடமை.

இரண்டாவது, மருத்துவரிடம் பேச ஒருவரையே நியமித்தல். மூவர் தனித்தனியே கேட்டால் மூன்று விதமாக விளங்கிக்கொள்வர். பின்பு அதுவே சச்சரவாகும். அவ்வொருவர் நாள்தோறும் மருத்துவர் கூறியதைக் குறித்து வைத்து, அதனையே எல்லோருக்கும் தெரிவிக்கலாம். ஊசி போட்ட தேதி, தவணை, நோய்க்குறி தோன்றிய நாள் ஆகியவையும் அக்குறிப்பில் இருத்தல் வேண்டும். ஊசியால் தீங்கு நேர்ந்தது என்ற ஐயம் இருப்பின், அதனைச் சுகாதார நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்தால் அது விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும். உறவினரிடம் கூறும் புகாருக்கு அத்தகைய பயன் இல்லை.

மூன்றாவது, கட்டிலருகில் வாதிடாமை. நினைவிழந்தவர் போலக் கிடக்கும் நோயாளியின் செவியிலும் சொற்கள் விழக்கூடும். தம் பொருட்டுப் பிள்ளைகள் பகைக்கின்றனர் என்ற எண்ணம் நோயின் துன்பத்துடன் மற்றொரு துன்பமாகும்.

நான்காவது, உடன்பாடு உள்ளவற்றில் தொடங்குதல். ஊசியைப் பற்றி ஒத்துக்கொள்ளாதவர்களும், காய்ச்சல் உள்ளவர் நோயாளியின் அறைக்குள் செல்லலாகாது, கை கழுவ வேண்டும், முகக்கவசம் அணிய வேண்டும், சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும் என்பனவற்றை ஒத்துக்கொள்வர். ஊசியை மறுக்கும் மகனுக்கும் தந்தையைப் பேணும் பணியில் ஒரு பங்கு கொடுத்தால், அவர் பிற்பாடு மற்றவர் சொல்லுக்குச் செவி கொடுப்பது எளிதாகும். குடும்பத்துப் பெரியவர்களின் கைகளில் அம்மை குத்திய தழும்பு இருப்பின், அதனைக் காட்டுவது நூறு வாதங்களுக்கு ஈடாகலாம். பெரியம்மையின் தழும்புள்ள முகங்கள் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தன. 1975-க்குப் பின் அந்நோய் இந்தியாவில் காணப்படவில்லை.

குணமாகாத நோயில்

சிலவேளை மருத்துவம் தோற்கும். அந்நிலையில் நோவைத் தணித்து, மூச்சுத் திணறலைக் குறைத்து, நோயாளியை அமைதியாக வைத்திருப்பதே சிகிச்சையாகிறது. இத்துறையில் கேரளம் நாட்டுக்கு வழிகாட்டியது. 1993-இல் கோழிக்கோட்டில் நோவு தணிப்புச் சங்கம் தோன்றியது. 2008-இல் இந்திய மாநிலங்களுள் முதலாவதாகக் கேரளம் இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. ஊராட்சிகளின் ஆதரவுடன் செவிலியர் நோயாளியின் வீட்டுக்கே வந்து புண்ணைக் கழுவவும், மருந்து கொடுக்கவும், பேணும் முறையைக் கற்பிக்கவும் இதனால் வழி ஏற்பட்டது. எல்லைப்புற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதனைக் கேட்டுப் பெறலாம். மருத்துவ ஆலோசனைக்குத் தொலைபேசியில் கேரளத்தில் 1056 என்ற எண்ணையும், தமிழகத்தில் 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

பெற்றோர் இறந்தபின் எழும் பழிச்சொற்களே குடும்பங்களை நெடுங்காலம் பிரிப்பவை. "நீ தடுத்தாய்" என்பதும் "நீ வற்புறுத்தினாய்" என்பதும் துயரத்தின் சொற்கள். ஊசி பற்றிய உண்மையை அறிய ஆயிரக்கணக்கானோரின் கணக்கு வேண்டும். துயருற்ற ஒரு வீட்டில் அக்கணக்குக்கு இடமில்லை. சில மாதங்கள் கழிந்து மனம் ஆறியபின், எஞ்சியுள்ள தாய்க்கோ மாமனாருக்கோ எந்தெந்தத் தடுப்பூசி தேவை என்று மருத்துவரைக் கேட்கும் வேளையில், உடன்பிறந்தோர் அனைவரும் ஒருங்கே அமர்ந்து அதனைப் பேசலாம். அவ்வாறு பேசத்தக்க உறவை நோயின் நாட்களில் கெடுத்துக்கொள்ளாதிருத்தல் வேண்டும்.